பனியன் நகரில் ஐந்து நாட்கள்

கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடும் இரயில் வண்டி திருப்பூர் நிலையத்தில் நின்றதும் இறங்குகின்ற கூட்டத்தைக் காண்பவர், அவ்வூரில் ஏதோ பெரிய திருவிழா நடைபெறுகின்றது என்றே எண்ணுவர். ஆனால் அது அன்றாடக் கூட்டம். தோளில் ஒரு பை, கையில் சுருட்டிய பாய், சட்டைப் பையில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு தொலைபேசி எண் ஆகிய இவற்றை மட்டுமே உடைமையாகக் கொண்டு, பிழைப்பைத் தேடி வருகின்ற இளைஞர்கள் அவர்கள். தேனி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு, ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு ஆகிய தொலை மாநிலங்களிலிருந்து வருகிறவர்களும் இன்று அக்கூட்டத்தில் மிகுதி. நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டையில் பனியன்கள் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. தெருவுக்குத் தெரு தையல் இயந்திரங்களின் ஓசை. மனிதன் உடுக்கும் உள்ளாடையினால் ஓர் ஊர் உலகப் புகழ் பெற்றிருக்கின்றது என்றால், அது திருப்பூர்தான்.

இத்தகைய நகரில், கல்லூரியில் பயிலும் நம் கத்தோலிக்க மாணவ மாணவியருக்கென நடைபெற்ற பணிப் பயிற்சி முகாமொன்றில் ஐந்து நாட்கள் துணை நின்று உதவும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. பங்குப் பள்ளிக்கூடம் ஒன்றின் விடுமுறை நாட்களில், வகுப்பறைகளே தங்குமிடமாகவும், மரத்தடியே விரிவுரை மண்டபமாகவும் அமைய, நாற்பத்திரண்டு பேர் அதில் பங்கு பெற்றனர். அருட்சகோதரியர் இருவரும், முன்னாள் மாணவர் சிலரும் உடன் உழைத்தனர். அங்குக் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நம் குடும்பங்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் திருப்பூர்?

மாணவர் முகாம் என்றால் உதகை, ஏற்காடு, கொடைக்கானல் என மலைவாசத் தலங்களை நாடுவது வழக்கம். அமைதியான சூழ்நிலையில் தியானமும் செபமும் சிறக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பணிக்குச் செல்ல வேண்டிய குழுவினர், பணிக்களத்திலேயே பயிற்சி பெறுதல் நலம் என்று அமைப்பாளர்கள் எண்ணினர். இது புதிய எண்ணமன்று. 1924ஆம் ஆண்டு திருச்சி தூய வளனார் கல்லூரியில், சேசு சபைக் குருவான தந்தை கார்ட்டி அவர்கள் கத்தோலிக்கக் கல்லூரி மாணவர்களை ஒன்றுகூட்டித் தொடங்கிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை, நாளடைவில் மாணவர்களைச் சேரிகளுக்கும் சிற்றூர்களுக்கும் அழைத்துச் சென்று பயிற்றுவிக்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்தது.

முகாமில் பின்பற்றிய முறையோ கர்தினால் கார்டைன் அவர்கள் வகுத்தது. பெல்ஜியம் நாட்டில் 1882ஆம் ஆண்டு பிறந்த அவர், இளங்குருமட மாணவராய் விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, தம்மோடு பள்ளியில் பயின்று பின் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்ட தோழர்கள் தம்மை அந்நியனாக நோக்கியதைக் கண்டு உள்ளம் புண்பட்டார். தொழிலாளர் உலகிற்கும் திருச்சபைக்கும் இடையே எழும்பியிருந்த சுவரை அவர் அன்றே உணர்ந்தார். குருவான பின் 1925ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உலகெங்கும் பரவியது. உள்ளதை உள்ளவாறு காண்பது, காண்பதை நற்செய்தியின் ஒளியில் ஆய்ந்து தீர்மானிப்பது, தீர்மானித்தபடி செயல்படுவது என்னும் மூன்று படிகளை அவர் கற்பித்தார். 1961ஆம் ஆண்டு பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் இம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தார் என்பதை நம்மில் பலர் அறிவர்.

ஒரு பனியனின் பிறப்பு

முதல் நாள் முழுவதும் காண்பதற்கே ஒதுக்கப்பட்டது. பனியன் என்பது கடையில் நாற்பது நிமிடம் பேரம் பேசி வாங்கும் ஒரு பொருள் என்று மட்டுமே அறிந்திருந்த மாணவர்களுக்கு, அது எத்தனை கைகள் மாறிப் பிறக்கின்றது என்பது வியப்பளித்தது. நூற்பாலையிலிருந்து வரும் நூல், வட்ட வடிவப் பின்னல் இயந்திரத்தில் ஏறி, குழாய் போன்ற துணியாக இறங்குகின்றது. அத்துணி சலவைப் பட்டறைக்கும், பின் சாயப்பட்டறைக்கும் செல்கின்றது. சுருக்கம் நீக்கி அகலம் நிலைப்படுத்தப்பட்ட பின் வெட்டு மேசைக்கு வருகின்றது. அடுக்கடுக்காக விரித்து வெட்டிய துண்டுகளை ஓவர்லாக் இயந்திரக்காரர் இணைக்கின்றார். பிளாட்லாக் இயந்திரக்காரர் ஓரம் மடித்துத் தைக்கின்றார். பிறகு பெண்கள் அமர்ந்து பிசிறு வெட்டுகின்றனர், குறை பார்க்கின்றனர், தேய்த்து, மடித்து, பெட்டியில் அடுக்குகின்றனர். வெட்டியெறிந்த துணியும் வீணாவதில்லை. வேஸ்டுத் துணி என்று மூட்டை கட்டி, இயந்திரம் துடைப்பதற்கென விற்கப்படுகின்றது.

இவ்வேலைகள் யாவும் ஒரே கூரையின்கீழ் நடப்பன அல்ல. பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், பித்தான் கட்டுவது வேறோரிடம் என, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் கூலிக்கு வேலை ஏற்றுச் செய்கின்றன. வெட்டிய துண்டுகளைச் சுமந்து கொண்டு சிறு வண்டிகள் நாள் முழுதும் தெருக்களில் ஓடுகின்றன. எனவே ஊர் முழுவதையுமே ஒரு தொழிற்சாலை எனலாம்.

இங்குக் காலத்தை அளக்கும் அலகும் வேறு. எட்டு மணி நேர உழைப்பு ஒரு ஷிப்டு. மேலும் நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை ஷிப்டு. "இந்த வாரம் எத்தனை ஷிப்டு?" என்பதே ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் மொழியாகி விட்டது. சனிக்கிழமை மாலை வாரக் கூலி. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கிவிட்டால் இரவும் பகலாகும். ஞாயிறும் வேலை நாளாகும்.

1920களில் ஒன்றிரண்டு கை இயந்திரங்களுடன் இங்குத் தோன்றிய இத்தொழில், நெடுங்காலம் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தயாரிப்பதோடு நின்றது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வழியாக அயல்நாட்டு ஏற்றுமதி தொடங்கிய பின்னரே வண்ண ஆடைகளும், பெரும் செல்வமும், பெருங்கூட்டமும் வந்தன. 2009ஆம் ஆண்டு திருப்பூர் தனி மாவட்டமாகவும் உயர்ந்தது.

ஆறு சொன்ன பாடம்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவையைக் கடந்து, திருப்பூரை இரு கூறாகப் பிரித்துச் சென்று காவிரியில் கலப்பது நொய்யல் ஆறு. மாலையில் மாணவர்களை அதன் பாலத்தின்மீது நிறுத்தினோம். பருத்தித் துணியில் சாயம் நன்கு பற்ற வேண்டுமானால் மிகுதியான உப்பைச் சேர்க்க வேண்டும். துணி சாயத்தை ஏற்றுக் கொள்ளும், உப்போ நீரில் தங்கிவிடும். பல்லாண்டுகள் அந்நீர் அப்படியே ஆற்றில் விடப்பட்டது. உழவர் நலனுக்கென 1992ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாயிற்று. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பாழாயின. உழவர்கள் நீதிமன்றத்தை நாடி நெடுங்காலம் வழக்காடினர். இறுதியில் 2011ஆம் ஆண்டு சனவரி மாதம், கழிவு நீரை ஒரு துளியும் வெளியேற்றாதபடி சுத்திகரிக்கும் ஏற்பாடு செய்யும் வரை சாயப்பட்டறைகள் மூடப்பட வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலையின்றித் தவித்தனர். பின்னர் நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் பொது நிலையங்கள் செம்மைப்படுத்தப்பட்டுத் தொழில் உயிர்த்தெழுந்தது.

"அப்படியானால் யார் பக்கம் நியாயம், பாதர்? உழவர் பக்கமா, தொழிலாளி பக்கமா?" என்று ஒரு மாணவி வினவினாள். இருவருமே நியாயமானவர்கள், பிறருடைய கிணற்றுக்கு என்ன நேரும் என்று கேளாமல் ஈட்டிய ஆதாயம்தான் இருவரையும் பகைவராக்கியது என்று, கூடியிருந்த மாணவர்களே நெடுநேரம் பேசி முடிவுக்கு வந்தனர். அறநெறிப் பாடநூலிலிருந்து நான் ஒரு மணி நேரம் விரிவுரையாற்றியிருந்தாலும் இத்துணைத் தெளிவு பிறந்திராது.

மறுநாள் காலை இரயில் நிலையத்தருகே உள்ள குமரன் நினைவகத்திற்குச் சென்றோம். சென்னிமலையில் 1904ஆம் ஆண்டு எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன், 1932ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்றபோது தடியடிக்கு ஆளாகி, மறுநாள் உயிர் நீத்தார். விழுந்த பின்னும் கொடியை விடவில்லை என்பது தமிழகம் முழுதும் அறிந்த செய்தி. இவ்வூர்த் தொழிலாளரின் உறுதி அத்துடன் முடியவில்லை. 1984ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலை நிறுத்தம் செய்த வரலாறும் திருப்பூருக்கு உண்டு. பணிக்குச் செல்லும் குழுவினர், தாங்கள் ஏதுமறியா மக்களிடம் செல்வதாக எண்ணலாகாது. அம்மக்களுக்கு ஒரு நினைவும், ஒரு தன்மானமும் உண்டு என்பதை மாணவர்கள் இங்குக் கற்றனர்.

கருமத்தம்பட்டியும் லியோன் நகரமும்

மூன்றாம் நாள் அவிநாசி வழியாகக் கருமத்தம்பட்டிக்குத் திருப்பயணம். விசைத்தறிகளின் ஓசை ஓயாத சோமனூர்ப் பகுதியை ஒட்டி அமைந்துள்ள இப்பழம்பெரும் செபமாலை அன்னையின் திருத்தலம், 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் சேசு சபைக் குருக்கள் ஊன்றிய விசுவாசத்தின் வித்து. 2019ஆம் ஆண்டு இது பசிலிக்காவாக உயர்த்தப் பெற்றது.

இங்கேதான் 1846ஆம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டினரான மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்நாளில் புதுச்சேரியிலிருந்து பிரிந்து உருவாகிக் கொண்டிருந்த கோவைத் திருச்சபையின் முதல் மேய்ப்பர் அவரே. ஓர் ஊரின் திருச்சபையை அவ்வூர் மைந்தர்களே குருக்களாய் நின்று நடத்த வேண்டும் என்பது அவருடைய தணியாத வேட்கை. சாதி வழக்கங்களைத் திருச்சபை எந்த அளவுக்குப் பொறுத்துக் கொள்ளலாம் என்னும் வினா அவர் மனச்சான்றை ஓயாது வருத்தியது. 1855ஆம் ஆண்டு பதவி துறந்த அவர், 1856 திசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859ஆம் ஆண்டு தாமே ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் கரையிறங்கி, ஆறே வாரங்களில் கொள்ளை நோய்க்கு இரையாகி இறைவனடி சேர்ந்தார். கொங்கு நாட்டில் கற்ற பாடம் ஆப்பிரிக்கத் திருச்சபைக்கு உரமாயிற்று.

லியோன் நகரின் பெயரைக் கேட்டதும் இன்னொருவரையும் மாணவர்களுக்கு நினைவூட்டினேன். அது பட்டு நெசவால் வாழ்ந்த நகரம். பட்டுத் தொழில் நடத்திய செல்வர் ஒருவரின் மகளாக 1799ஆம் ஆண்டு அங்குப் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. கைக்கு எட்டிய செல்வத்தை உதறிவிட்டு, ஆலைப் பெண்களோடு பழகி, வாரம் ஒரு சிறு காசு வீதம் மறைபரப்புப் பணிக்கென அவர்களிடம் திரட்டினார். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. அத்தகைய பத்துக் குழுக்களுக்கு மற்றொருவர் பொறுப்பு. இவ்வெளிய ஏற்பாடே 1822ஆம் ஆண்டு விசுவாசப் பரப்புதல் சபையாக மலர்ந்தது. நூறாண்டுகளுக்குப் பின் அது பாப்பரசரின் நேரடிச் சபையாக உயர்ந்தது. 1926 முதல் உலகெங்கும் நாம் கொண்டாடும் மறைபரப்பு ஞாயிறும் அதன் கனியே. பவுலின் அம்மையாரோ, தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரு முன்மாதிரித் தொழிலகம் அமைக்க முயன்று, நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டு, கடன் சுமையோடு 1862ஆம் ஆண்டு வறுமையில் இறந்தார். 2022ஆம் ஆண்டு அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், பவுலின் அம்மையாரின் பரிந்துரையால் நிகழ்ந்த புதுமையையும், பிரெசில்லாக் ஆண்டகையின் வீரத்துவப் புண்ணியங்களையும் பாப்பரசர் பிரான்சிஸ் ஒருசேர ஏற்றுக் கொண்டார் என்பது நமக்கு இனிய செய்தி அன்றோ!

நூல் இழைக்கும் ஊருக்கு ஆலைப் பெண்களின் காசு உதவியிருக்கின்றது. ஏழைகள் பணியைப் பெறுகிறவர்கள் மட்டுமல்லர், பணியைச் செய்கிறவர்களும் அவர்களே என்பதை மாணவர்கள் குறித்துக் கொண்டனர்.

இருவர் இருவராக

நான்காம் நாள்தான் உண்மையான தேர்வு. ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராக அனுப்பினார் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவ்வாறே மாணவர்களும் தொழிலாளர் வாழும் காம்பவுண்டு வீடுகளுக்குச் செல்ல வேண்டும். முந்திய இரவு, எதைச் சொல்வது என்பது பற்றி ஒரு கடும் விவாதம் மூண்டது. ஒரு சாரார், துண்டுப் பிரசுரங்களோடு சென்று இயேசுவைப் பற்றி நேரடியாகப் பேச வேண்டும் என்றனர். மற்றொரு சாரார், சமயப் பேச்சே வேண்டாம், கூலியும் குடிநீரும் பற்றிய விவரங்களைத் திரட்டினால் போதும் என்றனர். இரு தரப்பிலும் குரல் உயர்ந்தது. பாப்பரசர் 6ஆம் பவுல் 1975ஆம் ஆண்டு எழுதிய நற்செய்தி அறிவிப்பு மடலை எடுத்து, சாட்சிய வாழ்வே முதல் அறிவிப்பு என்றும், ஆயினும் அறிவிப்புக்குரிய வேளை வரும்போது வாய் மூடியிருத்தலும் தகாது என்றும் அவர் விளக்கியுள்ளதைப் படிக்கச் செய்தோம். "நாளை நாம் பேச வேண்டியது குறைவு, கேட்க வேண்டியது மிகுதி" என்று ஓர் அருட்சகோதரி கூறியதை அனைவரும் ஏற்றனர். பிரசுரக் கட்டு பள்ளிக்கூடத்து அலமாரியிலேயே தங்கியது.

எங்கள் பங்கு மக்களில் சிறு பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் காலையிலேயே வந்தார். "ஏனுங்க சாமி, பிள்ளைகளைக் கம்பெனிகளுக்குள்ள விட வேண்டாமுங்க. ஆடிட்டுக்கு ஆள் வந்திருக்குதுன்னு நினைச்சுக்குவாங்க, எங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்று கவலையோடு கூறினார். அவரையே அமர வைத்துப் பேசச் சொன்னோம். இயந்திரங்களுக்கு வங்கிக் கடன். முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வர மூன்று மாதம். ஆர்டர் நின்றால் வட்டி நிற்காது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆட்கள் யாவரும் ஊர் திரும்பியதும், 2025ஆம் ஆண்டு அமெரிக்கா சுங்க வரியை ஐம்பது விழுக்காட்டுக்கு ஏற்றியபோது ஆர்டர்கள் தடுமாறியதும் அவர் வாயால் கேட்ட பின், முதலாளி என்றாலே கொடியவர் என எண்ணியிருந்த மாணவர் சிலர் மௌனமாயினர். "கூலியைக் கூட்டிக் கொடுக்க மனசிருக்குதுங்க, ஆனா மேல இருக்கிறவங்க ஒரு பீசுக்கு ஒரு ரூபா கூட்ட மாட்டேங்கறாங்க" என்ற அவருடைய சொல், கடல் கடந்த நாடுகளில் மலிவு விலை தேடுகிறவர்களையும் வழக்கில் இழுத்தது. 2013ஆம் ஆண்டு வங்காள தேசத்தில் ஆடைத் தொழிலகக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபோது, அவர்களுள் பலரின் மாதக் கூலி 38 யூரோ எனக் கேட்டு, பாப்பரசர் பிரான்சிஸ் அதனை அடிமை உழைப்பு என்றே கண்டித்தார்.

மாலையில் குழுக்கள் திரும்பின. ஒவ்வொருவராய்த் தாம் கண்டதைக் கூறினர்.

ஒரு குழு, பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டு இளைஞர் தங்கியிருந்த இடத்துக்குச் சென்றிருந்தது. அவர்களுள் ஒருவன் ஜார்க்கண்டு மாநிலத்துப் பழங்குடிக் கத்தோலிக்கன். தகரப் பெட்டியைத் திறந்து, தாய் கொடுத்தனுப்பிய செபமாலையை எடுத்துக் காட்டினானாம். திருப்பூருக்கு வந்து பதினான்கு மாதங்கள். ஒரு திருப்பலியும் கண்டதில்லை. கோவில் மணியோசை அவன் அறை வரை கேட்கும் தொலைவில்தான் ஆலயம் இருந்தது. "மணி கேட்டேன். எங்கள் கோவில் மணி என்று தெரியாது" என்று அரைகுறைத் தமிழில் கூறினானாம். இதைச் சொல்லும்போது அம்மாணவனின் குரல் தழுதழுத்தது. பதினான்கு மாதங்களாக அவன் அத்தெருவில் நடந்து சென்றிருக்கின்றான். அப்பங்கின் மக்களும் அதே தெருவில் நடந்து சென்றிருக்கின்றனர்.

இன்னொரு குழுவினர், தென்மாவட்டத்துப் பெண்மணி ஒருவரைச் சந்தித்தனர். பிசிறு வெட்டும் வேலை. கணவர் விட்டுச் சென்று விட்டார். நான்கு வயதுக் குழந்தைக்கு இன்னும் திருமுழுக்கு இல்லை. "ஊர்ல கேட்டா இருக்கிற எடத்துல குடுங்கங்கறாங்க. இங்க கேட்டா ஊர்லேருந்து தாள் வாங்கிட்டு வாங்கங்கறாங்க. ஞாயித்துக்கிழமை லீவு போட்டா அரை ஷிப்டு போயிரும்மா. அப்படியே விட்டுட்டேன்" என்று அவர் கூறினாராம். சட்டத்தில் குறையில்லை, இரு அலுவலகங்களும் தத்தம் ஒழுங்கின்படியே நடந்தன. ஆயினும் நடுவில் ஒரு குழந்தை நின்றது. மாணவிகள் இருவரும் அன்று மாலையே சொந்தப் பங்கின் பெயரையும், தாய் தந்தையர் திருமணம் நடந்த ஆண்டையும் எழுதி வாங்கி வந்து என் கையில் கொடுத்தனர். அது ஒரு தொலைபேசி உரையாடலில் முடிந்த காரியம். மூன்று வாரங்களில் அக்குழந்தை திருமுழுக்குப் பெற்றது.

மூன்றாம் குழுவினர் நகருக்கு வெளியே ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதிக்குச் சென்றனர். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை எனக் கூறி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைப் பெண்களை ஆலைகள் சேர்த்துக் கொண்டதும், இடையில் நோயுற்று விலகியோர் தொகையின்றித் திரும்பியதும் பலர் அறிந்த துயரக் கதை. அந்த விடுதியில் என்ன நிலை என்பதை நம் மாணவியர் அறிய இயலவில்லை. ஆனால் கம்பி வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக் கொண்டிருந்த ஒரு பெண், இவர்களுடைய கைப்பையிலிருந்த கல்லூரிப் பெயரைப் படித்துவிட்டு, "அக்கா, நீங்க எந்த வருசம் படிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாளாம். இரண்டாம் ஆண்டு என்று சொன்னதும், தானும் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதாகக் கூறினாளாம். அதற்குள் காவலர் அழைத்துவிட்டார். அன்றிரவு அம்மாணவி உணவு கொள்ளவில்லை. செபவேளையில், "நான் கல்லூரிக்குப் போவதற்காக என் வீட்டில் யாரும் எதையும் விடவில்லை என்று எண்ணியிருந்தேன், என் அக்கா பத்தாம் வகுப்போடு நின்றது இன்றுதான் நினைவுக்கு வந்தது" என்று கூறினாள். அதற்கு மறுமொழி சொல்ல எவருக்கும் வாயெழவில்லை.

தீர்மானமும் செயலும்

இறுதி நாள் காலை, புதிய ஏற்பாட்டில் துணித்தொழில் செய்தோரைப் பற்றித் தியானித்தோம். யோப்பா நகரில் கைம்பெண்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்த தபித்தா. பிலிப்பியில் விலையுயர்ந்த செந்நிற ஆடை வணிகம் செய்து, தம் இல்லத்தைப் பவுலுக்குத் திறந்துவிட்ட லீதியா. கொரிந்துவில் பவுலோடு கூடாரத் தொழில் செய்த அக்கிலாவும் பிரிசில்லாவும். இவர்களுள் அக்கிலாவும் பிரிசில்லாவும் உரோமையிலிருந்து விரட்டப்பட்டுப் பிழைக்க வந்த வெளியூர்த் தொழிலாளர்கள். தொடக்கத் திருச்சபை இத்தகையோரின் தொழிற்கூடங்களிலும் வாடகை வீடுகளிலும்தான் வளர்ந்தது. வேலையாட்களுக்கு உரிய கூலியை நிறுத்தி வைப்போரைப் பற்றி யாகப்பர் தம் நிருபத்தில் எவ்வளவு கடுமையாக எழுதியுள்ளார் என்பதையும் மறைக்காமல் வாசித்தோம். பட்டறை அன்பரும் அச்செபத்தில் கலந்து கொண்டார்.

அதன் பின் ஆறு குழுக்களும் தத்தம் செயலைத் தீர்மானித்தன. பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், ஓராண்டு விடாமல் செய்யத் தக்கதையே ஏற்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. ஒரு குழு மாதம் ஒரு ஞாயிறு வந்து, வடமாநிலக் கத்தோலிக்கரைத் தேடிக் கண்டு, அவர்கள் அறிந்த மொழியில் செபமாலை சொல்ல ஏற்பாடு செய்தது. மற்றொன்று காம்பவுண்டுக் குழந்தைகளுக்கு மாலைப் பாடம் சொல்லிக் கொடுக்க முன்வந்தது. தொழிலாளர் வைப்பு நிதி, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் படிவங்களை நிரப்பித் தர வணிகவியல் மாணவர்கள் ஒப்புக் கொண்டனர். வேலை நாட்களில் ஆலயம் வர இயலாதோருக்கென, ஷிப்டு முடியும் நேரம் கருதி ஞாயிறு இரவுத் திருப்பலி ஒன்று வைக்கலாமா எனப் பங்குப் பேரவையில் பேசுவதாக அங்குள்ள குருவும் உறுதி கூறினார்.

நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பு வாசகர்களே! திருப்பூருக்கு நீங்கள் சென்றிராமல் இருக்கலாம். ஆனால் திருப்பூர் உங்கள் இல்லத்தில் இருக்கின்றது. உங்கள் உடலில் இருக்கும் பனியனை மட்டும் நான் கருதவில்லை. நம் பங்குகளில், அங்கு வேலைக்குச் சென்ற ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. எனவே மூன்று சிறு காரியங்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

முதலாவது: உங்கள் மகனோ மகளோ வேலைக்கு வெளியூர் செல்லும்போது, ஆதார் அட்டையோடும் துணிமணியோடும், திருமுழுக்குச் சான்றிதழையும் பங்குத் தந்தையின் கடிதம் ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். சேருமிடத்துப் பங்குக்கு ஒரு முறை தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஒரு பெயரும் ஒரு முகவரியும் போதும்; தேடி வர ஆள் இருக்கின்றது.

இரண்டாவது: தொகையைச் சொல்லிப் பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தரகரிடம் அவசரப்பட்டு ஒப்புக் கொள்ளாதீர்கள். எந்த ஆலை, எந்த விடுதி, மாதக் கூலி எவ்வளவு, வேண்டும்போது வீட்டார் சென்று பார்க்கலாமா என்று கேளுங்கள். விடை தயங்கினால் பிள்ளையை அனுப்பாதீர்கள். அருகிலுள்ள அருட்சகோதரியரிடம் ஆலோசனை கேளுங்கள்.

மூன்றாவது: உங்கள் ஊருக்குப் பிழைக்க வந்திருக்கும் அந்நியரை, அவர் எச்சமயத்தவராயினும், ஒருநாள் பெயர் சொல்லி அழையுங்கள். உங்கள் பிள்ளை வேறோர் ஊரில் அந்நியனாக நடக்கின்றான் என்பதை நினைந்தால் அது கடினமன்று.

அக்டோபர் மாதம் வரவிருக்கின்ற மறைபரப்பு ஞாயிறன்று, லியோன் நகரத்து ஆலைப் பெண்களை எண்ணி உங்கள் காணிக்கையைச் செலுத்துங்கள். அவ்வுறைக்குள்ளேயே, வெளியூரில் உழைக்கும் உங்கள் உறவினர் ஒருவரின் பெயரையும், அவர் தங்கியிருக்கும் ஊரையும், தெருவையும் எழுதி வையுங்கள். உங்கள் பங்குத் தந்தை அதைத் தக்கவரிடம் சேர்ப்பிப்பார். செபமாலை அன்னை நம் பிள்ளைகளை எவ்வூரிலும் காப்பாளாக!